மூடாமல் வைத்திருந்த விண்ணப்பம்

"…அப்பிடி எல்லாருமா ஒரே நாள்ல கையை எடுத்துப்போட்டீங்கன்னா, அந்த மனுசன் மறுபடி கிளாசைத் தொட்டுருவாருங்களா மாட்டாருங்களா? அதை மட்டும் சொல்லீட்டுப் போங்கக்கா."

இளம்பிள்ளையில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவைத்து ஒரு பெண் கேட்ட கேள்வி இது. நான் போனது எங்கள் இணைய மன்றம் மூடப்போகிறது என்று சொல்லிவிட்டு வருவதற்கு. பத்து நிமிட வேலை என்று நினைத்திருந்தேன். இப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரிந்திருந்தால் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். முடித்திருக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஜெராக்ஸ் கடை. முன்பு அதுவே பிரவுசிங் சென்டராகவும் இருந்தது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டித்தான் தமிழில் எழுதப் பழகினேன். அப்படி ஒரு மத்தியானம் கண்ணில் பட்டதுதான் அந்த மன்றம். தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு எழுதிக்கொள்ளும் இடம். இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. நடத்தியவர் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஒருவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அங்கே பேசாத பேச்சு கிடையாது. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் முட்டை போட்ட கேக் சாப்பிடலாமா என்று மூன்று நாள் சண்டை நடந்திருக்கிறது. பூசையில் கிடார் வாசிப்பது சரியா என்று தூத்துக்குடிப் பக்கத்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும், வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணும் மோதிக்கொண்டு, ஒரு வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள். ஆனால் வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் என்றதும் முதல் ஆளாக வந்து வேண்டிக்கொண்டது அந்த நர்ஸ்தான். "கண்ணு நல்லா ஆகட்டும் சார், அப்பத்தானே நான் எழுதறதைப் படிச்சுட்டுத் திட்ட முடியும்" என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்வார்: "உனக்கு மாமியார் வீடு ரெண்டுடி. ஒண்ணு இங்க. இன்னொண்ணு கம்ப்யூட்டருக்குள்ள."

மன்றத்தின் முதல் பக்கம் விண்ணப்பப் பக்கம். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒரு கஷ்டத்தை எழுதி வேண்டிக்கொள்ளச் சொன்னால், ஆளுக்குக் கொஞ்சமாக ஜெபமாலையைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஒருவர் பத்து மணிகளுக்கு ஜெபம் சொல்லிவிட்டு, "ஒரு பத்து பிடிச்சேன்" என்று கீழே எழுதுவார். ஐந்து பேர் எழுதினால் ஐம்பது மணி, ஒரு ஜெபமாலை முடிந்தது. மறுநாள் அடுத்த மாலை. இது எத்தனை நாள் நடக்கும் என்றால், விண்ணப்பம் போட்டவரே வந்து என்ன நடந்தது என்று எழுதி, "மூடுங்கள்" என்று சொல்லும்வரை நடக்கும். நல்லதோ கெட்டதோ, கேட்டவர் வாயால்தான் வர வேண்டும். வேறு யாரும் மூட முடியாது, அண்ணன் உட்பட.

நர்ஸ் சொல்வாள், "நான் ஊசி போடறப்பவே ஒரு பத்து முடிச்சிருவேன். நோயாளிக்கே தெரியாது, அவருக்கு வலி, எனக்கு ஜெபம்."

போன வருஷக் கடைசியில் அண்ணனிடமிருந்து அறிவிப்பு வந்தது. மன்றம் ஓடும் மென்பொருள் ரொம்பப் பழையது, இனி அதைப் பழுது பார்க்க ஆள் இல்லை, தனக்கும் வயதாகிவிட்டது, எழுத வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். மார்ச் மாதம் சூசையப்பர் திருநாளன்று மூடுவதாக முடிவு. "நல்மரணத்துக்குப் பாதுகாவலர் அவர்தானே, அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்" என்று கடைசி வரியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ஒரு ஆதார் அட்டையைத் தலைகீழாக வைத்து நான்கு நகல் எடுத்தேன்.

ஆளுக்கு ஒரு விதமாகத் தாங்கிக்கொண்டோம். சிலர் பழைய சமையல் குறிப்புகளை உட்கார்ந்து நகல் எடுத்தார்கள். வாத்தியார் பழைய சண்டைகளை எல்லாம் தேடிப் படித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கிடார் சண்டைக்கு மட்டும் கேட்கவில்லை. "அதில் நான் சொன்னதுதான் சரி" என்று எழுதிவிட்டு வந்தார். யாரோ வாட்சப் குழு ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்தேன். அங்கே விடிந்ததும் பூப் படமும் காப்பிப் படமும் வருகிறது. கஷ்டம் என்று ஒருவர் எழுதினால் நாற்பது கும்பிடு கை வந்து விழுகிறது. யார் உண்மையில் மணியைக் கையில் எடுத்தார்கள் என்று தெரிவதில்லை.

ஜனவரியில் அண்ணன் ஒரு வேலை கொடுத்தார். மூடாத விண்ணப்பங்கள் நிறைய இருந்தன. "கதவைச் சாத்துமுன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?" என்றார். ஊர்வாரியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி ஆட்கள் போய்க் கேட்டு மூடிவிட்டு வர வேண்டும். சேலம், நாமக்கல் பக்கம் எனக்கு வந்தது. மொத்தம் ஆறு.

என் கடையில் பிரிண்டர் இருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும், அதற்குக் கீழே "பிடிச்சேன்" என்று எழுதியவர்களின் வரிகளையும் அச்செடுத்துக் கட்டிக்கொண்டேன். மன்றம் போனாலும் கேட்டவர் கையில் காகிதமாக இருக்கட்டும் என்று தோன்றியது.

முதலில் குமாரபாளையத்துக்காரர். குழந்தை வேண்டும் என்று எப்போதோ போட்டிருந்தார். போன் செய்தேன். "குழந்தைங்களா? அது எட்டாவது படிக்குதுங்க!" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அய்யோ, நீங்க இன்னும் வேண்டிக்கிட்டா இருக்கறீங்க? சொல்லோணும் சொல்லோணும்னே மறந்துபோட்டனுங்க." பின்னால் இருந்து ஒரு பெண் குரல், "அப்ப ரெண்டாவதும் பொறந்தது அவங்க வேண்டுனதாலதானா? நிறுத்தச் சொல்லுங்க சாமி, மூணாவது வந்துரப்போவுது" என்றது. அந்த விண்ணப்பத்தைச் சிரித்துக்கொண்டே மூடினேன்.

இராசிபுரத்துக்காரர் வேறு மாதிரி. அம்மாவுக்கு உடம்பு சுகமாக வேண்டும் என்று போட்டிருந்தார். நேரில் போனேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா அந்த வாரமே போயிட்டாங்க. எழுத உட்கார்ந்தேங்க. கீழே பார்த்தா ஒருத்தர் இப்பத்தான் ஒரு பத்து புடிச்சேன்னு போட்டிருக்கறாரு. எங்கம்மா நல்லா இருக்கறாங்கன்னு நினைச்சுட்டு எங்கயோ ஒருத்தர் உட்கார்ந்திருக்கறாரு. அதை எப்பிடிங்க கலைக்கறது? விட்டுட்டேன்." காகிதக் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. நான் அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

கடைசியாக வைத்திருந்தது இளம்பிள்ளை. அது மற்றவை மாதிரி இல்லை, அந்த விண்ணப்பத்தைப் போட்டவளே நான்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் ஆஸ்பத்திரிக் காகிதங்களை நகல் எடுக்கக் கடைக்கு வந்தாள். பட்டு நெய்கிற குடும்பம். கும்பிடுகிற சாமி வேறு, எங்கள் மதம் இல்லை. காகிதத்தைக் கொடுக்கும்போதே அழுகை. புருஷன் குடி. காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார், கை நடுங்குகிறது, அறுந்த இழையைக்கூட முடிச்சுப் போட முடியவில்லை, டாக்டர் ஈரல் என்கிறார். நான் வாய் சும்மா இருக்காதவள். "எங்க மன்றத்துல போடட்டுமா அம்மிணி? நாலு பேர் வேண்டிக்குவாங்க" என்றேன்.

"நாங்க உங்க சாமியைக் கும்புடறவிய இல்லீங்களேக்கா."

"கேக்கறதுக்கு என்ன, ரேஷன் கார்டா வேணும்?"

சிரித்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தேன். குணமானதும் நீயே வந்து சொல்ல வேண்டும், அதுவரை விடமாட்டார்கள் என்று. அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எனக்கு இப்போதுதான் அது ஞாபகம் வருகிறது.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவை வருவாள். பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், வங்கிக் காகிதம் என்று ஏதாவது இருக்கும். "எப்படிம்மா இருக்காரு?" என்பேன். "நீங்க விட்டுராதீங்கக்கா" என்பாள். கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கு உறைக்கவே இல்லை. கண்ணில் நீர் நிற்கும், அதைப் பார்த்ததும் நான் மேலே கேட்கமாட்டேன். உடனே மன்றத்தில் எழுதுவேன்: "இளம்பிள்ளைச் சகோதரி விடாமல் வேண்டச் சொல்கிறார்." அவ்வளவுதான், எல்லோரும் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். நர்ஸ் அந்த மனிதருக்காகப் புதன்கிழமை ராச்சாப்பாட்டை விட்டாள். வாத்தியார் மூட்டு வலியோடு முழங்கால் போட்டார். மன்றத்திலேயே நீளமான விண்ணப்பம் அதுதான். அச்செடுத்தபோது செங்கல் கனம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டவுன் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. தெருவே தறிச் சத்தம். முன்னறையில் ரெண்டு தறி, ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நின்றிருந்த தறியில் ஒரு மனிதர் குனிந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். தலைமுடியைவிட மெல்லிய இழை. கை கல் மாதிரி நின்றது.

அவள் புருஷனுடைய தம்பியோ மச்சானோ என்று நினைத்தேன். வீட்டுக்காரம்மா எங்கே என்றேன்.

"கடைக்குப் போயிருக்கறாளுங்க, இப்ப வந்துருவா. நான்தானுங்க ஊட்டுக்காரன். உக்காருங்க. டீ குடிக்கறீங்களா, நானே வெச்சுத் தாரேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் பத்திரிகை வைக்க வந்தார், மகளுக்குக் கல்யாணம் என்று. வைத்துவிட்டுச் சும்மா போகவில்லை. "முந்தின நாள் மாமன் மச்சானெல்லாம் தோட்டத்துல கூடறோம். நீ எதுக்கு அங்க? உனக்குன்னு தனியா ஒரு கலர் சோடா பாட்டில் வாங்கி வெக்கோணும். ஏழெட்டு வருசமா உன்னைக் கூப்புட்டு என்னப்பா பிரயோசனம்!" என்றார்.

"ரெண்டு பாட்டிலா வாங்கி வை. ஒண்ணு உனக்கு. அடுத்த நாள் தாலி கட்டறப்ப நீ நேரா நிக்க வேண்டாமா?" என்றார் இவர். அந்த ஆள் போனதும் என்னிடம் திரும்பி, "அந்தக் காலத்துல நானும் அவங்களோட கெடந்தவன்தானுங்க. ஒருநா காலைல எந்திரிச்சேன். வேண்டாம்னு பட்டுச்சு. விட்டுப்போட்டேன். மருந்தும் இல்ல மாத்திரையும் இல்ல. யாரும் சொல்லியும் இல்ல. இந்த ஊருல நம்மளா நெனச்சு விட்டது நான் ஒருத்தன்தான்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நிறைய முறை சொல்லிப் பழகிய பேச்சு என்று தெரிந்தது.

மடியில் இருந்த கட்டு இன்னும் கனத்தது. நான் அதைப் பைக்குள் தள்ளினேன்.

வாசலில் அவள் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "வாங்கக்கா, பின்பொறமா வாங்க, காத்தாட நிக்கலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அப்படித்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றோம்.

"எப்ப விட்டாரு?"

"நீங்க போட்ட ஆறாம் மாசமுங்க. நீங்க எல்லாருமா ஒம்பது நாள் சேந்தாப்புல புடிக்கறோம்னு சொன்னீங்களே, அந்த வாரமுங்க."

"அடிப் பாவி! அப்ப ஏழரை வருஷமா?"

தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. வாத்தியாரின் முழங்கால் ஞாபகம் வந்தது. நர்ஸின் புதன்கிழமைகள் ஞாபகம் வந்தன. "அங்க ஒருத்தி சோறு விட்டுட்டுக் கெடக்கறா, தெரியுமா உனக்கு?" என்றேன்.

"தெரியுமுங்க. நீங்க சொன்னீங்களே. அதனாலதானே எனக்குப் பயம். கொணமாயிருச்சுன்னு சொன்னா மூடிருவீங்க. மூடுனா நிறுத்திருவீங்க. எங்க பெரியப்பாரு மூணு வருசம் விட்டுப்போட்டு மறுபடி ஆரம்பிச்சவருங்க. இவரு எப்பவாச்சும் லேட்டா வந்தா, வாசல்ல நின்னு மூக்கால மோந்து பாப்பேன். அப்ப மனசுக்குள்ள சொல்லிக்குவேன், இல்ல, இன்னைக்கும் யாரோ ஒருத்தர் புடிச்சுட்டுத்தான் இருக்கறாங்கன்னு. உங்ககிட்டப் பொய் சொல்லலைங்கக்கா. விட்டுராதீங்கன்னு மட்டுந்தான் சொன்னேன்."

யோசித்துப் பார்த்தால், சொல்லவில்லைதான். அவர் இன்னும் குடிக்கிறார் என்று எல்லோரும் நம்பும்படி மன்றத்தில் பொய் எழுதியது நான். என் கோபம் அங்கேயே பாதி போய்விட்டது.

மன்றம் வியாழக்கிழமை மூடுகிறது என்று சொன்னேன். அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. மூடுவது அவளுடைய விண்ணப்பத்தை மட்டும் அல்ல, மொத்தத்தையும் என்று திரும்பச் சொன்னேன்.

"நாங்க வேண்டறதை அவரு கிட்டச் சொன்னியா எப்பவாச்சும்?"

"எப்பிடிங்கக்கா சொல்றது? தானா விட்டேன்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறாரு. அந்தப் பேருலதான் நிக்கறாரோ என்னமோ. ஊரு பேரு தெரியாத சனமெல்லாம் இவரைக் குடிகாரன்னு தெரிஞ்சு வேண்டிக்கிட்டாங்கன்னு கேட்டா, அந்தக் கோவத்துலயே போயி குடிச்சுப்போட்டா? சொன்னாலும் பயம், சொல்லாட்டியும் பயம். இத்தனை நாளு நீங்க இருந்தீங்க, தள்ளிப்போட்டேன்."

"நான் வேண்டிக்குவேன் அம்மிணி. மன்றம் போனா நானும் போயிருவேனா?"

"நீங்க ஒருத்தருங்க. அது ஒரு ஊரே கூடிப் புடிச்சதுங்க" என்றாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி. எல்லாரும் ஒரே நாளில் கையை எடுத்துவிட்டால் அந்த மனிதர் மறுபடி தொடுவாரா மாட்டாரா, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் என்று.

மன்றத்தில் இதற்கு ஆயிரம் பதில் எழுதியிருப்பேன். நேரில், அந்த முகத்துக்கு முன்னால், "தெரியாது அம்மிணி" என்றேன். "அவரு விட்டது எங்களாலயா, அவராலயா, வாசல்ல நின்னு மோந்து பாத்தியே, உன்னாலயான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா மறுபடியும் நான்தான் பொய் சொன்னவளாவேன்."

தொட்டி விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து நீர் குடித்துவிட்டுப் போயிற்று. உள்ளேயிருந்து அவர் குரல் தறிச் சத்தத்துக்கு மேலாக வந்தது: "ஏ, என்ன அங்கயே பேசீட்டு? அவங்களுக்கு டீ ஆறுது!"

பையிலிருந்து கட்டை எடுத்து, "இது உன்னோடது. வேண்டாம்னா நானே கொண்டுபோயிடறேன்" என்றேன். வாங்கிக்கொண்டாள். ரெண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். "இத்தனையுமா?" என்றாள். முதல் தாளில் நான் அன்றைக்குத் தட்டிய அவளுடைய வார்த்தைகள் இருந்தன. நின்றபடியே அதை வாசித்தாள், உதடு அசைந்தது. ஒருமுறை முந்தானையை இழுத்துக் கட்டை மூடினாள். அப்புறம் மறுபடி எடுத்தாள்.

உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய் நிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஓடிக்கொண்டிருந்த தறியின் சுவிட்சை அணைத்தாள். அவர் நிமிர்ந்து, "ஏன், கரண்டு போயிருச்சா?" என்றார். அவள் டீ டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கட்டின் மேலிருந்த நூலை அவிழ்த்து, முதல் தாளை அவரிடம் நீட்டினாள்.